ஒண்டுக்குடித்தனம்

தலைமுடிப் பருமனில் ஒரு கண்ணாடிக் கம்பி.
அதற்குள் நாற்பது குடித்தனம்.

வங்கிக் கணக்கு, வானிலை, காதலர் சண்டை,
யாரோ மூன்றாம் முறை பார்க்கும்
சமையல் குறிப்பு
எல்லாம் ஆளுக்கொரு நிறத்தில்
இடித்துக்கொள்ளாமல் ஓடுகின்றன.
கடைசி அறைக்குள்
வாடகை பாக்கி வைத்தவன் போல
ஓசைப்படாமல் நுழைகிறது
ஒற்றை ஒளித்துகள்.

போஸ்னானிலிருந்து க்னியெஸ்னோவுக்கு
ஐம்பது கிலோமீட்டர்.
நடுவில் ஓர் ஆறு, பெயர் வார்த்தா.
ஜனவரியில் அது
ஒரு சொல்லும் பேசுவதில்லை.

பத்து புறப்பட்டால் ஒன்று சேரும்.
சேர்ந்ததிலும் பாதி செல்லாது:
இங்கே நேராகப் பிடித்ததை
அங்கே சாய்வாகப் பிடித்திருந்தால்
தூக்கிப் போட வேண்டியதுதான்.
என்ன சொன்னாய் என்று
கேட்டுக்கொள்வதில்லை.
எப்படிப் பிடித்தாய் என்பதை மட்டும்
ஊரறியக் கேட்டுக்கொள்கிறார்கள்.
கழித்தது போக மிஞ்சுவது சாவி.

சாவி எதற்கென்றால்
மருத்துவமனைக் கோப்புகளுக்கு என்பாள் போக்னா.
யாருக்கு எந்த வருடம்
மனம் உடைந்தது என்ற விவரம்.
இன்று திருடி வைத்து
முப்பது வருடம் கழித்துத் திறந்தாலும்
அவர்களுக்கு அது
அதே வருடம்தான்.

கண்ணேறு என்றொரு சொல்
நம்மிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது.
ஆனால் அவள் காவல் காப்பது அதைத்தான்:
யாராவது பார்த்தாலே கெட்டுப்போகிற ஒன்றை.
பூசணிக்காய் உடைத்தும் பயனில்லை.
கெட்டது கெட்டதுதான்,
கெட்டதால்தான் பார்த்தது தெரிகிறது.

இன்று இரவு எட்டு பத்துக்கு
பிழை வீதம் இரண்டிலிருந்து நான்கானது.
பிறகு ஏழு.
தேநீரைக் கீழே வைத்தாள்.
ஒன்பதரை.
பதினொன்றைத் தாண்டினால்
விதிப்படி யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள்.
பன்னிரண்டு.

சாவி நின்றது.

விதிக்கு ஒரே ஒருவனைத்தான் தெரியும், திருடன்.
கம்பி சற்று வளைந்தாலும்
கண்ணாடியில் குளிர் ஏறினாலும்
பாலத்தில் லாரி போனாலும்
அவன் பெயரில்தான் வழக்கு.

தொலைத்தொடர்பு நிலையத்தில் இரெனேயுஷ்
ஏழாவது மணிக்கு எடுத்தான்.
"புதிதாக ஏதாவது திறந்தாயா?"
"ஓர் அலைநீளம். ஜகோபானேயில்
பனிச்சறுக்குத் தாண்டல், நேரலை.
ஊரே பார்க்கிறது."
"எனக்குப் பக்கத்து அறையிலா திறந்தாய்?"
"அதுதான் காலியாக இருந்தது."

வெள்ளம் பக்கத்தில் போனால்
தண்ணீர் கசியத்தானே செய்யும்.
கோடானுகோடி ஒளித்துகள்கள்
கண்ணாடியில் மோதி நிறம் மாறி
ஒன்றிரண்டு வழிதவறி
அவள் கதவைத் தட்டுகின்றன.
வந்தது தன் பிள்ளையா
ஊரார் பிள்ளையா என்று
உணரிக்குத் தெரியாது.

"மூன்று டெசிபல் குறை."
"பாதியா? என்னைக் கொன்றுவிடுவார்கள்."
"படத்தில் ஒரு புள்ளியும் குறையாது.
உன் விளக்கு அவ்வளவு பெரியது."
"சரி, இரு. கடைசி ஆள்
பலகையில் உட்கார்ந்துவிட்டான்.
அவன் இறங்கட்டும்."

காத்திருந்தாள்.
ஒரு மனிதன் காற்றில் இருக்கும் நேரம்
எவ்வளவு நீளம் என்று
அதுவரை அவள் எண்ணிப் பார்த்ததில்லை.
தொலைபேசியில் கூட்டம் கத்தியது.
இந்தக் கத்தல்தான்
கம்பிக்குள் வெளிச்சமாகச் சிதறி
இவ்வளவு நேரம்
திருடன் வேடத்தில் நின்றிருக்கிறது.

ஏழு. நல்ல எண் இல்லை.
ஆனாலும் ஏழில் சாவி பிறக்கும்,
மெலிந்து, நொடிக்குச் சில நூறாக.

பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்:
சாதனக் கோளாறு. ஊடுருவல் ஐயம்.
அண்டை வீட்டுக்காரனுக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பேனாவால் எழுதினாள்:
பக்கத்து அறையில் விளக்கு.
நாற்பது நிமிடத்துத் துகள்களை
ஒன்று விடாமல் அழித்தாள்.
அந்த இரைச்சலுக்கு நடுவே
நிஜமாகவே ஒருவன் இருந்தானா என்பது
இனி அவனுக்கு மட்டும் தெரியும்.

டிராம் நிறுத்தத்தில், மைனஸ் பதினான்கில்,
தொப்பிக்குள்ளிருந்து ஒருவன் கேட்டான்,
கடைசி ஆள் எத்தனை மீட்டர் என்று.
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

நூற்று முப்பத்தெட்டு, என்றாள் போக்னா.
பார்த்தீர்களா?
இல்லை, காதில் விழுந்தது.