செவ்வாய்க்கிழமை நிலுவை

தொண்ணூற்றெட்டு வீதம்.
இந்த மாதத்தின் பெயர் அது.
கிளைக்குள் ஆடி என்றோ ஆவணி என்றோ
ஒருவரும் சொல்வதில்லை.

விசுவமடு, தருமபுரம், கல்லாறு
எனக்கு ஊர்கள் இல்லை.
மஞ்சள், மஞ்சள், சிவப்பு.
காலை ஏழரைக்கு வட்சப்பில் அட்டவணை விழும்.
என் பெயருக்கு நேரே ஒரு நிறம்,
அதை முப்பத்தொரு பேர் பார்த்தாயிற்று.

செல் கூவுகிற விதத்திலேயே
எந்தப் பக்கம் விழும் என்று சொன்ன பிள்ளை நான்.
பங்கருக்குள் பதறாத வயிறு
இப்போது ஒரு போன் அதிர்வுக்குக் கலங்குது.

பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார்
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பல் டொக்டர்.
நித்திரையில் கடிக்கிறீர்கள்,
கடைவாய் இரண்டும் தேய்ஞ்சு போச்சு.
எதைக் கடிக்கிறேன் என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

மனைவி சொல்கிறாள்,
நான் கனவில் காசு எண்ணுகிறேனாம்,
நூறுகள், ஊத்தை ஐம்பதுகள்,
எப்பவும் ஒரு தாள் குறைய எழும்புகிறேனாம்.
செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றினான் என்று
நேற்று மகனுக்கு அடித்தேன்.
பிறகு பார்த்தால்
செருப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

றமணன் சேர் கெட்டவர் இல்லை.
அவருக்கு மேலே வவுனியாவில் ஒருவர்,
வவுனியாவுக்கு மேலே கொழும்பில் ஒருவர்,
அவருக்கும் மேலே யாரோ.
இரணைமடுத் தண்ணி
கடைசி வயலுக்கு வந்து சேராது.
இது சேரும்.
ஒரு சொட்டும் சிந்தாமல்.

இன்று ஜெயவதனி வீடு.
நாலு கிழமை நிலுவை.
கச்சான் போட்ட காசு மழையோடு போனது.
எனக்குத் தெரியும், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
படலைக் கயிற்றை அவிழ்த்த சின்னவள்
"அம்மா இல்லை" என்றாள்,
தேவாரம் பாடமாக்கிய குரலில்.
பின்னால் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போன். சேர்.
அந்தப் பிள்ளைக்கு முன்னால்
ஏச்சு வாங்க என்னால் ஏலாது.
வேலியோரமாய்ப் பின்வளவுக்குப் போனேன்,
கிணற்றடி வாழைகளுக்குள்.

அங்கே குந்தியிருந்தா ஜெயவதனி,
சட்டை நுனி வாய்க்குள்.

எழும்பப் பார்த்தா.
இருங்கோ என்று கையைக் காட்டினேன்.
போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.
"எடுங்கோவன் தம்பி."
"எடுக்கேல்லை அக்கா."
"நான் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ."
"நானும் இல்லை."

வாழையடி ஈரம் காற்சட்டையில் ஊறியது.
எறும்பு ஒன்று அவவின் பெருவிரலைக் கடந்து
என் சப்பாத்தில் ஏறி யோசித்தது.
எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ,
ஒன்பது அழைப்புகள்.
பிறகு உலை பொங்கி வழிந்து
அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது.
"ஐயோ என்ர சோறு" என்று அவ எழும்பி ஓடினா.

கல்லாற்றில் இன்னும் பதினாலு வீடு.
மோட்டார் சைக்கிளை உதைக்கும்போதுதான் கவனித்தேன்,
இவ்வளவு நேரமும் பல் கடிபடவில்லை.

கவனித்த உடனே
கடிபட்டது.