உதட்டுப் பொருத்தம்

அந்த நடிகையின்ர பேர்
இண்டைக்கும் எனக்கு வாயில வராது.
தமிழில அவவின்ர குரல் நான்.

புதுக்குடியிருப்பு. கரன்ட் இல்லாத வருசம்.
பதுங்குகுழிக்குள்ள நனைச்ச சாக்குத் தொங்கவிட்டு
கறுப்புவெள்ளை ஹொலிவூட் படமொண்டுக்குக்
குரல் குடுக்கிறம்.
மண்ணெண்ணெய் முடிய முதல் முடிக்கவேணும்.

ரயில் நிலையம். நிறையப் புகை.
தொப்பி வலைக்குள்ள இருந்து அவ
ஒரு சொல் சொல்லுறா,
உதடு ரண்டுதரம் ஒட்டுது.
"ப வேணும், ம வேணும்" எண்டார் கமலேந்திரன்.

"போய் வாங்கோ": ஒருக்காத்தான் ஒட்டிச்சு.
"மறப்பனோ": அவ வாய் மூடினாப் பிறகும்
நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்.
ஏழாந்தரம் கிபிர் வந்து கெடுத்தது.

நான் ரயில் ஏறினதில்லை.
அண்ணாந்து பாத்தன்:
குழிக்குக் கூரையாத் தண்டவாளம்,
அதுக்கு மேல மண்மூட்டை.

எட்டாந்தரம்,
"போம்" எண்டன்.

அச்சொட்டாப் பொருந்திச்சு.
"நீர்" எண்டு நான் கூப்பிட
அப்ப ஒருத்தர் இருந்தவர்.

மல்லாவியில படம் ஓடேக்க
ஆரோ விசிலடிச்சவங்களாம்.

போன கிழமை போனில
அதே படம், இங்கிலிசில.
அவவுக்குக் கட்டைக் குரல்,
சிகரெட் குடிச்ச குரல்.
எனக்குப் பிடிக்கேல்ல.

அந்த இடத்தை நாலுதரம் திருப்பிப் போட்டன்.
புகைவண்டி கூவுது.
அவ என்ன சொன்னவ எண்டு
கேக்கவே இல்லை.