மிளகுக்கு ஒரு துணை

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால்
செருப்பு அடுக்கின் மேல் மிளகு.
காலையில் விட்டுப் போன அதே இடம்.
ரோமம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உதிர்ந்திருக்கும்.

ஏழு வயது. வால் பிறவியிலேயே மடங்கியது,
யாரோ கேள்விக்குறி போட வந்து
பாதியில் எழுந்து போன மாதிரி.
நக்கி நக்கி முன்னங்காலில் ஒரு வழுக்கை வட்டம்.

"தனிமை" என்றார் டாக்டர் ஊய்.
"இன்னொன்று கொண்டுவந்து பாருங்கள்.
உங்களுக்குப் பிடித்ததை அல்ல."
பிறகு கேட்டார்:
நாளைக்கு எவ்வளவு தூங்குவாள்,
விளையாடினால் எப்போது அலுக்கும்,
எந்தச் சத்தத்துக்கு ஒளிவாள்,
ஒளிந்தால் எவ்வளவு நேரத்தில் வெளியே வருவாள்,
சாப்பிடும்போது யாராவது பார்த்தால் பொறுப்பாளா.

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.
பிளாட்டுக்குத் திரும்பி லிப்டில் நிற்கும்போதுதான் உறைத்தது,
என்னைப் பார்க்க வந்த நான்கு வீட்டாரில்
ஒருவர்கூட இதில் ஒன்றையும் கேட்கவில்லை.
சம்பளம் கேட்டார்கள். உயரம் கேட்டார்கள்.
ஒருவர் என்ன கார் என்றார், மைவி என்றேன்,
என்ன நிறம் என்றார்.

சுங்கை பட்டாணியிலிருந்து சித்தி:
"உனக்குப் பார்க்கலாம் என்றால்
நீ பூனைக்குப் பார்க்கிறாயா?"
சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
முதலில் நிறுத்தியது அவள்.

ஆயர் ஈத்தாமில், புவான் ரொஹானாவின் வீட்டுக்குப் பின்னால்
முப்பத்தொரு பூனைகள்.
வெண்ணெய் நிறக் குட்டி ஒன்று
துப்பட்டாவைப் பிடித்துத் தோள்வரை ஏறிவிட்டது.
அங்கேயே ஒரு பெயரும் வைத்துவிட்டேன்,
என்ன பெயரென்று சொல்ல மாட்டேன்.
மிளகு இதைக் கால் மணி நேரம் பொறுப்பாள்,
அப்புறம் என்னைப் பொறுக்க மாட்டாள்.

அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சாம்பல்காரி.
ஐந்து வயது, ஒரு காது நுனி வெட்டியது.
"இவளை யாரும் கேட்டதில்லை" என்றார் புவான் ரொஹானா.
"மற்றவை தூங்கினால் கிட்டப் போவாள்,
விழித்தால் தள்ளிப் போவாள்.
அவ்வளவுதான் இவள்."

அவ்வளவு போதும் என்றேன்.
குட்டியைத் தோளிலிருந்து இறக்க
மூன்று நகங்களை ஒவ்வொன்றாய்க் கழற்ற வேண்டியிருந்தது.

சின்ன அறைக்குள் சாம்பல், வெளியே மிளகு, நடுவில் கதவு.
அவள் துண்டை இவளிடம் போட்டேன், இவள் துண்டை அவளிடம்.
மிளகு துண்டை முகர்ந்தாள், பிறகு என்னை முகர்ந்தாள்,
யார் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாய் என்பதுபோல்.
கதவுக்கு இருபுறமும் தட்டுகள்,
தினமும் ஒரு விரற்கடை நெருக்கமாக.

பதினொன்றாம் நாள் கொஞ்சம் திறந்தேன்.
சீறல். மூடினேன்.
குட்டியைத் தூக்கி வந்திருக்கலாம் என்று
மூன்று இரவு நினைத்துக்கொண்டு படுத்தேன்.

கதவு முழுதாய்த் திறந்த வாரம்
ஜெலுத்தோங் கடல் பக்கம் இடி இறங்கியது.
பயத்தில் ஒன்றாய் ஒடுங்குமென்று எட்டிப் பார்த்தேன்.
ஒன்று அலமாரிக்குள்,
ஒன்று சலவை இயந்திரத்துக்குப் பின்னால்.
நடுவில் நான் மட்டும், டார்ச்சுடன்.

இன்று ஞாயிறு, ஷிப்ட் இல்லை.
கூடத்தில் விழும் வெயிலில் இரண்டும் கிடக்கின்றன,
முதுகு காட்டி, மூன்று தரைக்கல் தள்ளி.
வழுக்கை வட்டத்தில் பூனைமயிர் அரும்புகிறது,
அதற்கு வேறென்ன பெயர் சொல்ல.

மிளகு எழுந்து போய்
சாம்பலின் தட்டில் சாப்பிட்டாள்.
சாம்பல் சற்றுப் பொறுத்திருந்து
மிளகின் தட்டுக்கு நடந்தாள்.
இருவருக்கும் அப்படியொரு திருட்டு ருசி.

இரண்டிலும் ஒரே டப்பாச் சூரைமீன்தான்.
நான் சொல்லவில்லை.