கணக்கில் வராத எழுநூறு கிராம்

எஸ்.ஐ. உட்காரவில்லை.
"தை மாசம் வந்த மூட்டை, ஐம்பது கிலோ.
எங்கெங்கே போச்சு?"

காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்துக்குப் பின்சந்து.
என் கடை, என் தராசு, என் கையெழுத்து.
பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.
ஓரமெல்லாம் மஞ்சள்.

முப்பத்திரண்டு கிலோ மாந்தோப்புகளுக்கு.
பெங்களூரா பூக்கும் காலத்தில் சாம்பல் நோய் வரும் சார்,
விடியலில் பூ நனைந்திருக்கும்போதே தூவவேண்டும்.
வெயில் ஏறினால் பூ கருகும்,
தூவியவன் கண்ணும் எரியும்.

எட்டு, தளிப் பக்கம் ரோஜாக் குடிலுக்கு.
ராத்திரியில் சூடேற்றிப் புகையாக்குவார்களாம்.
விடிந்ததும் அந்த ரோஜா பெங்களூருக்கு
யாருடைய கல்யாணத்துக்கோ போகும்.

ஐந்து, பாலக்கோட்டு வெல்லக்காரர் முனிரத்தினம்.
"புகை காட்டினால்தான் வெளுக்குது,
கறுத்த வெல்லத்தை எவன் வாங்குறான்?"
நான் எங்கள் வீட்டுக்குக் கறுத்த வெல்லம்தான் வாங்குகிறேன்.
அதை அவரிடம் சொன்னதில்லை.

தொள்ளாயிரம் கிராம் ஆட்டுச் சொறிக்கு,
வேப்பெண்ணெயில் குழைக்க.
நானூறு தர்மபுரி வைத்தியருக்கு.
நெய்யில் உருக்கிப் பாலில் ஊற்றி,
மறுபடி உருக்கி, மறுபடி ஊற்றி,
பாதரசம் சிவன், இது சக்தி,
இரண்டும் சேர்ந்தால் கறுப்பு என்பார்.
சில்லறை மட்டும் எப்போதும் கொண்டுவரமாட்டார்.

எஸ்.ஐ.யின் விரல் அடுத்த வரியில் நின்றது.
திம்மராயன். மூன்று கிலோ. உபயோகம்: மாம்பூ.

"அவனுக்கு மரம் இருக்கா?"

நான் கேட்கவில்லை.
மூன்று கிலோ கேட்டான், மூன்று கிலோ நிறுத்தேன்,
கட்டத்தில் எல்லோருக்கும் எழுதுவதை எழுதினேன்.
உரிமம் இல்லாத குவாரி,
நேற்று ராத்திரி பாறைக்கு முன்னால் அவன் கை வெடித்தது.
உப்பு விற்றவனையும் கரி விற்றவனையும்
கேட்டீர்களா என்று கேட்க நினைத்தேன்.
நாக்கு எழவில்லை.

கந்தம் என்றால் மணம்.
ஆனால் மூட்டைக்குள் கிடக்கும்வரை
இதற்கு மணமென்று சொல்ல ஒன்றுமில்லை.
எரியும்போதுதான் ஊர் மூக்கைப் பொத்தும்.
சுங்கச்சாவடியில் டயர் ஒட்டும் அன்வர் சொல்வார்,
இது சேராவிட்டால் ரப்பர் வெயிலில் இளகிப்போகும்,
ஒரு லாரியும் தொப்பூர் கணவாய் இறங்காது என்று.

கான்ஸ்டபிள் கைப்பேசியில் கூட்டினார்.
"நாற்பத்தொன்பது முன்னூறு. மீதி எழுநூறு எங்கேம்மா?"

தரையில் சிந்தியது. தராசுத் தட்டில் ஒட்டியது.
என் நகக்கண்ணில், சேலை மடிப்பில்.
"சிதறல்" என்று எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ராத்திரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.
மகள் சுபாஷினி பத்தாம் வகுப்பு, உரக்கப் படிப்பவள்.
அம்மா, ஒரு மனுஷ உடம்பில்
கிட்டத்தட்ட நூற்று நாற்பது கிராம் கந்தகம் இருக்காம்,
முடியில், நகத்தில், தசையில்.
நீ அழுறதுக்கும் அதுதான் காரணம்,
வெங்காயத்துக்குள்ள இருக்கு.

கத்தியை வைத்துவிட்டுக் கூட்டினேன்.
நான், சுபா, எஸ்.ஐ., கான்ஸ்டபிள்,
அரசு மருத்துவமனையில் கட்டோடு கிடக்கும் திம்மராயன்.
ஐந்து பேர். எழுநூறு.
சரியாக வந்துவிட்டது.

சரியாக வரவில்லை.
அவன் பங்கில்
நகத்தோடு போன இரண்டு விரலைக் கழிக்கவேண்டும்.
அதை எந்தத் தராசில் நிறுப்பது?

காலையில் ஒரு பையன், அரை டிராயர்,
ஈரத் தலை, கையில் பத்து ரூபாய்.
"அக்கா, கந்தகம்."
"எத்தனை மரம்?" என்றேன்.
விழித்தான்.
"மரமில்லக்கா. பாம்புக்கு.
வீட்டைச் சுத்திப் போடச் சொன்னாங்க."

பாம்புக்கு இது ஆகுமா, எனக்குத் தெரியாது.
தூள் முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.
புது மூட்டை என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது,
பையன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உபயோகம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.