நாற்பத்தொன்றுக்குப் பிறகு

கோவளத்தில் ஒரு ஜெர்மன்காரன்
வாடகைப் பாக்கிக்கு விட்டுப்போன வேன்.
நாலு கை மாறி எங்களிடம் வந்தது.
உள்ளே கட்டில், மடக்கு மேசை,
மூலையில் பாசிப்பச்சை நிறத்தில் ஒரு ஹீட்டர்.
மார்த்தாண்டத்தில் ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள்.
கொழுந்தன் சைலஸ் அதன்மேல்
சீப்பும் பைபிளும் வைத்திருந்தான்.

பங்குனி முழுக்க ரப்பர்த் தோட்டம்.
ஆடியில் ஏலம் பூக்கும் என்று
தேன்பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு
பின்னாலேயே வேனில் பூப்பாறைக்கு வந்தோம்.
போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டியதும்
மழையும் ஏறிக்கொண்டது,
டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி.

மூன்றாம் நாள் பல் கிட்டியது.
வில்பிரட் சீப்பை எடுத்தார், பைபிளை எடுத்தார்,
சிலிண்டர் குழாயைச் செருகிக் குச்சி கிழித்தார்.
நாற்பது வருஷத்துக் கிழடு
முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டதில்
எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.
தீ மஞ்சளாக இருந்தது.
அழகா இருக்கு என்றேன்.
நான்தான் சொன்னேன்.

காலையில் தலைவலி.
கொண்டை ஊசி வளைவு என்றார் அவர்.
சைலஸ் வாந்தி எடுத்தான்,
கடையில் தின்ற போட்டி மேல் பழி போட்டோம்.
பெட்டிகளுக்கிடையே மழையில் நின்றால் தெளியும்,
வேனுக்குள் வந்தால் திரும்பும்.
ஆறு வருஷம் புகைப்பானோடு வாழ்கிறவள் நான்.
தொண்டு எரிந்தால் எது பச்சை, எது காய்ந்தது என்று
மூக்காலேயே சொல்வேன்.
இதற்கு மணமே இல்லை.
கண் கரிக்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

நான்காம் இரவு காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது.
டார்ச்சோடு இறங்கினேன்.
பன்னிரண்டு முடிச்சு,
விரல் மரக்க மரக்க, ஒவ்வொன்றாக.
முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தால் அவர் முகம்
கல்யாணப் படத்தில் ஸ்டூடியோக்காரன் பூசிவிட்ட
ரோஸ் நிறத்தில்.
கூப்பிட்டேன். கன்னத்தில் அறைந்தேன்.
சைலஸின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.
ராணி மாற்ற உள்ளே வைத்திருந்த ஒற்றைப் பெட்டி மட்டும்
மேசைக்கடியில் இரைந்துகொண்டே இருந்தது.
ஈக்களுக்கு நம் ரத்தம் கிடையாதே என்று
பிறகு நர்ஸ் சொன்னாள்.
சிவப்பைத்தான் அது தேடிப் பிடிக்குமாம்.

முதலில் கதவு.
அப்புறம் சிலிண்டர் திருகு.
அப்புறம் புருஷன், இரண்டு காலையும் பிடித்து,
படியில் தலை இடிக்க இடிக்க,
சேறுவரைக்கும்.
மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன்.
மறுபடியும் பார்த்தேன்.
அதற்கப்புறம்தான் சைலஸ்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுவாரம் மெக்கானிக் சாக்கோச்சன்
புகைக்குழாயைக் கழற்றித் தட்டினான்.
காய்ந்த மண் உருண்டை உருண்டையாக விழுந்தது.
குளவிக்கூடு.
ரப்பர்த் தோட்டத்து வெயிலில்
எங்கள் கண்ணெதிரே கட்டியிருக்கிறது.
உள்ளே தகட்டில் முடியளவு விரிசல் வேறு.
கார்பன் மோனாக்சைடு என்றான்,
தன் இடவகையில் யாரோ ஒருத்தன் பெயரைச் சொல்வதுபோல.
தேனீ வளர்க்கிற நீங்கள்
குளவியைப் பார்க்கவில்லையா என்று கேட்டுவிட்டு
அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஹீட்டர் இருந்த இடத்தில் இப்போது
நாலு ஆணி, ஒரு தகரத் துண்டு.
குளிருக்கு இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை.
எர்ணாகுளத்தில் வாங்கிய அலாரம்
தலையணைப் பக்கம் தொங்குகிறது.
ஞாயிறுதோறும் ஜெபத்துக்கு முன்னால்
அதன் பொத்தானை அமுக்குகிறேன்.
அலறுகிறது.
சனியன் என்கிறார் வில்பிரட்.
அவர் திட்டுவது காதுக்கு நன்றாக இருக்கிறது.

சைலஸ் காலையில் பெட்டிகளை எண்ணுகிறான்.
அறுபது இருக்கிறது.
முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று.
நிற்கிறான்.
மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்ட
என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான்.

நாற்பத்திரண்டு என்று எடுத்துக் கொடுக்கிறேன்.
இன்றைக்கு இரண்டு தடவை.