கால்

பணகுடிக் காற்றாலையிலிருந்து விழுந்து ஆறு வருடம்;
நாளைக்கு நாலு டிரமடால்.
ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா என்றேன்.
ஹைகிரவுண்ட் டாக்டர் ஆவுடைநாயகி சிரிக்கவில்லை:
"ஆடிக் காத்துல சுத்துற றெக்கையை
ஒரே பிடியில நிறுத்துவீங்களா?"
பல்சக்கரம் தெறித்துவிடும். எனக்குத் தெரியும்.

மாதத்துக்குக் கால் மாத்திரை குறைச்சல்.
ஜெபக்கனி பிளேடால் வெட்டித் தருவாள்,
மிச்சம் பீரோவுக்குள், சாவி அவளிடம்.

மூன்றாம் இரவு கொட்டாவி, மூக்கொழுகல்,
தோலெல்லாம் உரித்த கோழி.
கால் தன்பாட்டுக்கு உதைக்கிறது.
பங்குனியில் குறைக்கவே முடியவில்லை.
"இங்கனயே நிக்கட்டும், கூட்ட வேண்டாம்" என்றார்.

வலி எங்கேயும் போய்விடவில்லை.
வெந்நீர் ஒத்தடம். சுவர் பிடித்து இருபது எட்டு.

இன்று இரண்டேகால்.
மகள் சத்தமாகப் படிக்கிறாள்:
கால் என்றால் காற்று.
மேற்கே கணவாய் திறந்திருக்கிறது.
தெருமுனைக் கடைவரை போய்வந்தேன்.
எந்தக் காலில் என்று கேட்காதீர்கள்.