கரை

விளக்குத்தூண் ஜவுளிக்கடையில்
ஏணி மேல் நின்ற பையன் கேட்டான்:
"எந்தக் கரைண்ணே?"

முப்பத்தோரு வருசம்
இந்தக் கேள்விக்கு நான் யோசித்ததில்லை.
ரத்த வகை சொல்வதுபோல்
நிறத்தைச் சொல்லிவிட்டு
வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்பேன்.

"கரை இல்லாதது இருக்கா?"

குனிந்து பார்த்தான்.
காலையிலிருந்து எல்லாச் சேனலிலும் ஓடுகிற முகம்.
தெரிந்தும் தெரியாதவனாய்
மூலைத் தட்டுக்குக் கையை நீட்டினான்.
"வெறும் வெள்ளை, துட்டி வீட்டுக்குத்தான் எடுப்பாங்க.
பரவால்லையா?"

செவ்வாய் ராத்திரி மேலூர் வீட்டுக்கு
மாவட்டம் வந்தார். ஒன்றியம் வந்தார்.
நகரம் வாசலிலேயே நின்று போன் பேசினார்.
(எங்களுக்குள் பேர் சொல்வதில்லை.
பொறுப்புதான் பேர்.)
அழகுநாச்சி காப்பி கொடுத்தாள்.
சீனி இல்லாமல் இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு
மாவட்டம் பையிலிருந்து வேட்புமனுவை எடுத்தார்.

டெல்லி மேல்சபைக்குச் சேவுகமூர்த்தி.
முன்மொழியப் பத்துப் பேர்.
ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது,
அவசரமாய்ச் சில, அழகாய்ச் சில,
ஒன்று மட்டும் கோட்டைத் தாண்டி
ஓரத்துக்கு ஓடியிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும்.
"ஒங்க ஊர்ப்பக்கத்து ஆளு.
பத்தாவது நீங்கதான் போடணும்னு தலைமை சொல்லுது."

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான்.
தும்பைக்குளத்துக் கண்மாயை அவர் அறிந்ததுபோல்
நீர்ப்பாசனத்துறைகூட அறிந்ததில்லை.
எத்தனை அடிக்குச் சவுடு,
ராத்திரிக்கு எத்தனை லாரி,
எந்த இடத்தில் கரையை அறுத்தால்
வண்டி சுற்றாமல் நாலுவழிச் சாலை ஏறும்.

ஐப்பசியில்
அந்த வழியாகத்தான் தண்ணீர் வெளியே போனது.
நட்ட வயலை அமுக்கிவிட்டுப் போனது.
மடை அப்படியே இருந்தது. கலுங்கு இருந்தது.
தைப்பொங்கலுக்குக் கண்மாய்க்குள்
பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

அப்போதும் நான்தான் எம்.எல்.ஏ.
பார்வையிட்டேன். சேற்றில் நின்று
படம் எடுத்துக்கொண்டேன்.
பஞ்சவர்ணம் என்கிற பொம்பளை,
இடுப்பளவு தண்ணியில் நாற்றைத் தடவிக்கொண்டிருந்தவள்,
திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்:
"கரை நனையுது சாமி,
தூக்கிக் கட்டுங்க."
தூக்கிக் கட்டிக்கொண்டேன்.
சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

பேனா மூடியைத் திருகி
மேசைமேல் வைத்தேன்.

"மந்திரி ஆக்கலேங்கிற கோவம்" என்றார் மாவட்டம்.
அதுவும் உண்டு.
இரண்டு தடவை பட்டியலில் ஏறி இறங்கிய பேர் இது.
எவ்வளவு அது, எவ்வளவு இது என்று
என்னாலேயே பிரிக்க முடியவில்லை.
ஆனால் கை போகவில்லை, அவ்வளவுதான்.

விடிவதற்குள் பக்கத்துத் தொகுதிக்காரர் போட்டுவிட்டார்.
சேவுகமூர்த்தி ஜெயிப்பார்.
புதன்கிழமை மதியம் அறிக்கை வந்தது:
கட்டுப்பாட்டை மீறி, களங்கம் விளைவித்த காரணத்தால்,
அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட
அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்.
நல்ல வாக்கியம்.
நாலு பேருக்கு நானே எழுதிக்கொடுத்தது.
ஒரு கமாகூட மாற்றவில்லை.

மாடியில் காய்ந்த ஏழு வேட்டியையும்
அழகுநாச்சி மடித்து எடுத்து வந்தாள்.
எரிப்பாளோ என்று பார்த்தேன்.
"கார் தொடைக்க ஆகும்" என்று
ஷெட்டில் போட்டாள்.
அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
இன்றுவரைக்கும்.

ரெண்டு வேட்டி எடுத்தேன்.
கல்லாவில் இருந்தவர் நிமிரவில்லை.
"பில்லு எந்தப் பேருக்கு?"

வாய் பழக்கத்தில் பொறுப்பை எடுத்து வந்தது;
விழுங்கினேன்.
"தொந்திலிங்கம்."

எழுதிக்கொண்டே கேட்டார்:
"இனிஷியல்?"